மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கினேன்

என் ஆத்தா, என் மகள் அபிராமிக்கு,

கடிதம் என்றால் நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன்னிடம் எப்படி நலம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கர் செட்டை உன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டேன். முதலில் தப்பாக மாட்டினேன். நாலு மாதம் அந்தத் தப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம்தான் சரி செய்தேன்.

இதை ஊரறிய எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருஷமாக மைக்செட் கட்டுகிறவனுக்குத் தனியாகப் பேசிப் பழக்கமில்லை. போடியில் பாதிப் பேருக்கு என் பேரே தெரியாது, மைக்செட்காரர் என்றால்தான் தெரியும். இருந்த ஒரே பிள்ளையிடம் சொல்ல வேண்டியதையும் நாலு பேர் காதில் விழும்படி சொன்னால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

அந்த அட்டைப்பெட்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில் உனக்குக் கிடைத்த முதல் பெரிய சம்பாத்தியத்தில் வாங்கியது. கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாய். உள்ளங்கை அளவுக்கு ஐந்து பெட்டி, தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் முனை வைத்த மூன்று வயர். நான் வாசலில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ரேடியோவுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அஞ்சு பெட்டி எதுக்குத்தா? இந்தக் கூடத்துக்கு ஒண்ணு பத்தாதா?” என்று கேட்டேன்.

“அஞ்சும் வேற வேற சத்தம் போடும்ப்பா. முன்னாடி ஒண்ணு வரும், பின்னாடி ஒண்ணு வரும். நடுவுல உக்காந்தா அந்த எடத்துலயே இருக்குற மாதிரி இருக்கும்.”

“ஒரு குழாய்ல ஒண்ணு, இன்னொரு குழாய்ல வேறயா? அப்படி எவனாச்சும் செட்டு கட்டுனா ஊருக்குள்ள விடுவாங்களா?”

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயில் வாசலில் கேட்கிற அதே சத்தம் பஸ் ஸ்டாண்டு முக்கிலும் கேட்க வேண்டும். ஒரு குழாய் வேறு மாதிரி பேசினால் அது பழுது, உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.

“ஞாயித்துக்கெழம நானே மாட்டுறேன். நீங்க கைய வச்சிராதீங்க. எல்லாத்தையும் ஒரே லைனாக்கிருவீங்க” என்றாய். என்னை எவ்வளவு சரியாக எடை போட்டு வைத்திருந்தாய் பார்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாய். “அப்பா, அந்த செட்ட இப்பவே மாட்டிர்றேன், அஞ்சு நிமிசம் உக்காந்து இதக் கேளுங்க. உங்களுக்காகத்தான் செஞ்சேன்” என்றாய். தேவாரம் ஊரில் ஒரு காது குத்து. ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். “சோலி கெடக்குத்தா, அப்புறம் பாப்போம்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் செட்டைப் போடச் சொன்னார்கள். அதுவரை ஒரு புளியமரத்தடியில் சும்மா படுத்துக் கிடந்தேன்.

சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை தேனி ஆஸ்பத்திரி. டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வியாழக்கிழமை உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த ஹெட்போனை உன் அம்மா உன் கழுத்தில் மாட்டியே அனுப்பினாள். அது இல்லாமல் உன்னை அவள் பார்த்ததே இல்லையாம்.

ஐப்பசி முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. உன் குரல் எங்களிடம் இல்லை. ஊரில் யார் குரல் என்னிடம் இல்லை சொல்? ஓட்டுக் கேட்டவர்கள், கும்மிப் பாட்டுக்காரர்கள், திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு என் மைக்கைப் பிடித்து அழுத தாய்மார்கள், எல்லாம் பதிந்து வைத்திருக்கிறேன். உன் குரலைப் பதிய வேண்டும் என்று தோன்றவேயில்லை. தினமும் கேட்கிற குரலை யார் பதிவார்கள்?

உன் போனின் பூட்டைத் திறந்து தரச் சொல்லி ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திறந்து தந்தார்கள், உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துபோயிருந்தது. என்னுடையது பட்டன் போன். அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியதெல்லாம் படம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் நீ நிற்கிறாய், வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது. அந்தப் பாட்டை ஒட்டியதும் நீதான்.

அதனால்தான் கூடத்தில் இருக்கும் உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதை எப்படிப் போட வேண்டும், எதை அமுக்கினால் பாட்டு ஓடும் என்பதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். திரையின் நடுவில் ‘அப்பாவுக்கு’ என்று ஒன்று இருந்தது. நல்ல சத்தத்தில் கேட்க வேண்டும் என்று அந்த ஸ்பீக்கர் செட்டை எடுத்தேன்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் மூன்று ஓட்டை, கையில் மூன்று வயர். சின்னப் பிள்ளைகூட நிறம் பார்த்துச் சொருகியிருக்கும். நான் தொழில்காரன் இல்லையா? மூன்று இடத்தில் எதற்கு என்று கறுப்பு முனையையும் ஆரஞ்சு முனையையும் கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். உள்ளே இருந்த கம்பிகளை உரித்துப் பச்சை வயரோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, பச்சையை மட்டும் சொருகினேன். மூன்று நிமிஷ வேலை. ஐந்து பெட்டியும் ஒரே சத்தம் போட்டன. எனக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது. இலை அசைகிற சத்தம் வந்தது. பதினோரு நிமிஷமும் அவ்வளவுதான். மலைக்குப் போய்ப் பதிந்திருக்கிறாய் என்று புரிந்தது. போடிமெட்டுக்கு மேலே அம்மா கல்யாணத்துக்கு முன்னால் காய் எடுத்த ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காலையில் கூலியாட்கள் போகும் ஜீப்பில் ஒருநாள் நீ போனாயே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசுவாய், அப்பா என்று ஒரு தடவை கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். தண்ணீர் நின்றது. பெட்டி ஓய்ந்தது.

அன்றிலிருந்து தினமும் அதைத்தான் கேட்டேன். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. செட்டுக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். குழாய்கள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. ஒரு நாள் மைக்கை மட்டும் இறக்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை எங்கிருந்தாலும் மைக்செட் பக்கம் வரும்படி எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? எல்லாப் பிள்ளையும் வந்துவிடும். மைக்கைத் துடைத்து மறுபடி மேலே வைத்தேன்.

“அந்தத் தண்ணிச் சத்தத்தக் கேக்க முடியலங்க. நிப்பாட்டுங்க” என்பாள் உன் அம்மா. நான் நிறுத்தமாட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உன்மேல் கோபம். அப்பாவுக்கு என்று பேர் எழுதிவிட்டு உள்ளே வெறும் தண்ணீரை வைத்துவிட்டுப் போனவள் என்ன பிள்ளை? மாசியில் ஒரு நாள் தாங்க முடியாமல் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். “ஒரு வார்த்த பேச உனக்கு வாயில்லையா? அப்பன்கிட்டப் பேச ஒரு வார்த்த கெடைக்கலயா உனக்கு?” என்று கத்தினேன். அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள்.

நான் அப்படிக் கத்தியபோதும் நீ பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய் ஆத்தா.

போன வாரம் உன் அம்மா சுவரில் காலண்டர் மாட்ட ஆணி தேடி என் டப்பாவைக் கவிழ்த்தாள். அவள் இன்னும் ஏலக்காய் பொறுக்கத்தான் போகிறாள். முறத்தில் காயைப் பரப்பிப் பச்சைக் காய் தனி, வெளுத்த காய் தனி, வெடித்தது தனி என்று நாள் முழுக்கப் பிரிக்கிற வேலை. பச்சையிலேயே நாலு பச்சை பார்க்கிற கண் அவளுக்கு. ஆணிகளுக்கு நடுவில் அந்த இரண்டு முனைகளும் கிடந்தன. கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

“இங்க கறுப்புல ஒரு ஓட்ட, ஆரஞ்சுல ஒரு ஓட்ட சும்மா கெடக்கே. இது ரெண்டையும் ஏங்க நறுக்கினீங்க?”

“எல்லாம் ஒரே சத்தம்தான் தாயி. ஒண்ணு போதும்.”

“ஒண்ணு போதும்னா அவ எதுக்கு மூணு வயரு வாங்குறா? நிறம் நிறமாப் பிரிச்சு வச்சிருக்கத ஏன் ஒண்ணாக் கொட்டுனீங்க?”

எனக்கு எரிச்சல் வந்தது. “வயரு சமாச்சாரத்துல எனக்கே சொல்றியா?” என்று கேட்டேன். அவள் இரண்டு முனையையும் என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது, ஐந்தும் வேறு வேறு சத்தம் போடும் என்று. டேப்பைப் பிய்த்தேன். நறுக்கிய முனைகளை மறுபடி வயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கண்ணாடியைப் போட்டும் கம்பி தெரியவில்லை, இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன். கறுப்பில் கறுப்பு, ஆரஞ்சில் ஆரஞ்சு. நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்பா, கேக்குதா?”

திரைக்குக் கீழே வைத்த நடுப் பெட்டியில் இருந்து வந்தது. இரண்டு கை தூரத்தில்.

“இதான் நடுப் பெட்டி. நான் இதுல மட்டும்தான் பேசுவேன். மத்த பெட்டியில வரமாட்டேன்.”

கொஞ்சம் நிறுத்தினாய். நான் ‘உம்’ சொல்வதற்காக நிறுத்தியிருக்கிறாய். எனக்கு ‘உம்’ வரவில்லை.

“சரி. இப்ப எடது பக்கம் ஓடத் தண்ணி ஓடுது பாருங்க. வலது பக்கம் ஏலச்செடி. இந்தா, பின்னாடி காய் எடுக்குறவங்க பேசுறாங்க. இப்ப கீழ இருந்து ஒரு ஜீப்பு வளைவு ஏறி வரும். திரும்பாதீங்க.”

முதுகுக்குப் பின்னால் ஜீப்பு முக்கிக்கொண்டு ஏறியது. நான் திரும்பிவிட்டேன்.

“திரும்பிட்டீங்கதானே?” என்று சிரித்தாய்.

நாலு மாதமாக எந்தத் தண்ணீரைத் திட்டினேனோ அது இடது பக்கம் ஒரு மூலையில் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வயரில் அதுவும் இலைச் சத்தமும்தான், உன் குரல் நான் நறுக்கிய வயரில் வரவேண்டியது. நீ பேசிக்கொண்டே போனாய். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு “கேக்குதாப்பா?” என்று கேட்டாய், நான் சொல்ல இடம் விட்டாய், சொன்னேன் என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாய். எனக்குச் சத்தம் போட்டு அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் உன் பேச்சு கேட்காதே.

அப்புறம் சொன்னாய். “அப்பா, அம்மாவக் கூட்டிட்டு வாங்க. இது அவங்க காய் எடுத்த தோட்டம். இங்க காய் எடுக்குற இந்தச் சேச்சிக்கு இன்னும் அம்மாவ ஞாபகம் இருக்காம். போங்க, நான் இருக்கேன்.”

போங்க என்றாயே. சட்டைகூடப் போடாமல் ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் காய் பொறுக்கும் இடம். பத்துப் பதினைந்து பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன் அம்மா எழுந்துவிட்டாள்.

“என்னங்க?”

“அபி உன்னக் கூப்பிடுறா. வெரசா வா.”

மற்றவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். உன் அம்மா முறத்தை அப்படியே விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். வீட்டுக்கு வந்தபோது பெட்டி ஓய்ந்திருந்தது. நான் இருக்கேன் என்று சொன்னாய், நாங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி முதலில் இருந்து போட்டேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடவில்லை, அழவில்லை, அந்த நடுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்ட ஒவ்வொன்றுக்கும் “கேக்குதுத்தா” என்று பதில் சொன்னாள். நான் சொல்லத் தவறியதையெல்லாம் அவள் சொன்னாள். அம்மாவக் கூட்டிட்டு வாங்க என்று நீ சொன்ன இடத்தில் “வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்” என்றாள்.

கடைசியில் நீ சொன்னதை அப்போதுதான் நானும் முதல் தடவையாகக் கேட்டேன்.

“அவ்வளவுதான்ப்பா. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க. மைக்குல பேசுற மாதிரி கத்தாதீங்க. நான் உள் ரூம்லதான் இருப்பேன்.”

பெட்டி ஓய்ந்தது. உன் அம்மா எழுந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு உள் அறைப் பக்கம் நடந்தாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிடித்து நிறுத்தியிருக்கலாம். எனக்கும் அந்த ஒரு நொடி அவள் போய்ப் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. கதவு திறந்தது. கட்டில், உன் அலமாரி, மடித்து வைத்த உன் துப்பட்டாக்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

“அங்க இல்லைங்க” என்றாள். கடையில் சாமான் இல்லை என்று வந்து சொல்வது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அந்த அழுகை வந்தது. முப்பது வருஷம் குழாய்ச் சத்தத்தில் நின்றவன் நான், அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

குரல் கிடைத்துவிட்டது, இனி மனசு ஆறிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆறவில்லை ஆத்தா. முன்னால் நீ பேசாமல் போனாய் என்று உன்மேல் கோபப்பட இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இந்தப் பதினோரு நிமிஷத்துக்கு மேல் நீ ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. எங்கே மூச்சு இழுப்பாய், எங்கே சிரிப்பாய் என்று ஒரே வாரத்தில் எனக்குப் பாடமாகிவிட்டது. புளியமரத்தடியில் படுத்துக் கிடந்த அந்த நேரத்தில் இதை இரண்டு தடவை கேட்டிருப்பேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். நீ கேக்குதா என்று கேட்டு, நான் கேக்குது என்று சொல்லி, அது உன் காதில் விழுந்திருக்கும். எனக்கு என்ன சோலி கிடந்தது அன்றைக்கு?

எப்படி இருந்தது என்று வந்து சொல்லச் சொன்னாய். நேற்றுத்தான் அதற்குத் தைரியம் வந்தது. உள் அறைக்குப் போய் உன் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு மெதுவாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும். தொண்டையை அடக்கி அடக்கி, நல்லா இருந்துச்சுத்தா என்றேன். ஜீப்பு வந்தப்ப திரும்பிட்டேன் என்றேன். அம்மா வந்து கேட்டாள் என்றேன்.

இனி தினமும் வந்து சொல்கிறேன். இது என் சத்தியம். கத்தமாட்டேன். நீ எனக்காக இடம் விட்டு விட்டுப் பேசியதைப் போல நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நீ ‘உம்’ என்று சொல்லக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன். எதுவும் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் நிறுத்துகிறேன்.

அஞ்சு நிமிசம் உட்காராமல் போன
உன் அப்பன்